நாற்பது நாள் பூட்டிய அலுமாரி

என் கணவர் குடிகாரர் இல்லை என்று சொல்வதற்கு என்னிடம் ஒரு சாவி இருந்தது. அலுமாரிச் சாவி. விபூதிப் புதன் காலையில் கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வருவார். வந்ததும் முதல் வேலையாக, வீட்டில் மிச்சமிருக்கிற சாராயப் போத்தலை எடுத்து என் கையில் தருவார். நான் அதை என் கலியாணச் சேலைக்குக் கீழே வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். அன்றிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை ஒரு துளி தொடமாட்டார். மீன் பட்டாலும் சரி, படாவிட்டாலும் சரி, கூடக் கடல்தொழிலுக்குப் போகிறவர்கள் வாசலில் வந்து நின்று கூப்பிட்டாலும் சரி.

தலைமன்னாரில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் இதுதான் வழக்கம். தவக்காலத்துக்கு ஆண்கள் குடியை ஒறுப்பார்கள், பெண்கள் போத்தலைப் பூட்டுவார்கள். உயிர்த்த ஞாயிறான பாஸ்கு அன்று பூசை முடிந்து, ஆட்டுக்கறி அடுப்பை விட்டு இறங்கியதும், பூட்டியவளே திறந்து முதல் கிளாஸைத் தன் கையால் ஊற்றிக் கொடுக்க வேண்டும். வாக்குக் காத்த மனுசனுக்கு வீட்டுக்காரி செய்கிற மரியாதை அது. தண்ணீர்க் குழாயடியில் நாங்கள் இதைப் பற்றித்தான் பெருமை பேசுவோம். "என்ர மனுசன் நினைச்சால் நிப்பாட்டுவார்." இந்த வசனத்தை எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வருசத்தின் மற்ற நாட்களில் அவர் ஏன் நினைப்பதில்லை என்று நானும் கேட்டதில்லை, வேறு எவளும் கேட்டதில்லை.

நான் தையல்காரி. தெருவில் யார் மெலிந்தார்கள், யார் பருத்தார்கள், எந்தப் பெண்ணுக்கு மூன்று மாதம் என்பதெல்லாம் என் அளவு நாடாவுக்கு முதலில் தெரிந்துவிடும். எனக்கு வாயும் ஊசிதான் என்று அவர் சொல்லிச் சிரிப்பார். ஒவ்வொரு பாஸ்குவுக்கும் அவருக்கு ஒரு புதுச் சேட் தைப்பேன். அந்தச் சேட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்தால், என் கணவரின் ஈரல் கெட்ட கதை முழுவதும் அதில் இருக்கும். தோள் ஒவ்வொரு வருசமும் கால் அங்குலம் குறைந்தது, வயிறு கூடியது. தோள் குறைந்து வயிறு கூடுகிற ஆம்பிளையை நான் வேறெங்கும் தைத்ததில்லை. ஆனாலும் நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, "வயசு போகுது, தொந்தி வைக்குது" என்று பகிடி பண்ணினேன்.

மற்றவையும் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தன. இரண்டு உள்ளங்கைகளும் செம்பரத்தைப் பூ நிறத்தில் சிவந்து கிடந்தன. கயிறு இழுத்த சிவப்பு என்று நினைத்தோம். நெஞ்சில் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றிலிருந்தும் நூல் போலக் கால்கள் ஓடும். வெயிலில் நின்ற தடிப்பு என்றோம். சும்மா தட்டுப்பட்டாலும் தோல் கன்றி நீலமாகும். உடம்பெல்லாம் கடி, ஓயாத சொறிச்சல். வலையில் வந்த சொறிமுட்டை, அந்த இழுதுமீன், பட்டிருக்கும் என்றோம். எல்லாவற்றுக்கும் கடலில் ஒரு காரணம் இருந்தது. கடல் பாவம், எதையும் மறுத்துப் பேசவில்லை.

ஒன்றுக்கு மட்டும் காரணம் சொல்ல முடியவில்லை. வெறும் மேலோடு கரையில் நின்று மீனைத் தெரிந்து பிரிக்கிற மனுசன், ஒருநாள் திடீரென்று சேட் போட்டுக்கொண்டு நின்றார். அடுத்த நாளும் சேட். உச்சி வெயிலில் நனைந்து ஊறிப் போயும் கழற்றவில்லை. வீட்டில் நான் வற்புறுத்திக் கழற்ற வைத்தபோது பார்த்தேன்: இரண்டு மார்பும் வயது வந்த பிள்ளைக்குப் போல வீங்கியிருந்தன. "ஆருக்கும் சொல்லாத" என்றார். நான் யாருக்கும் சொல்லவில்லை. கொஞ்சம் தளர்வாக நாலு சேட் தைத்துக் கொடுத்தேன். என் கெட்டித்தனம் அவ்வளவுதான். ஒரு வருத்தத்துக்கு, ஒரு நோய்க்கு, உடுப்புத் தைத்துப் போட்டு ஒளித்து வைத்தவள் நான்.

அந்த வருசத் தவக்காலம் வந்தபோது அவருடைய கால்கள் வீங்கியிருந்தன. பெருவிரலால் அமத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். விபூதிப் புதன் அன்று போத்தலைத் தந்தார், பூட்டினேன். நாட்கள் போகப் போகக் கால் வற்றியது. முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஓடியது. இரவில் நித்திரை கொண்டார், சோற்றை மணந்து பார்த்துச் சாப்பிட்டார். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்கு மணலில் முழுத் தூரமும் நடந்தார். ஆண்டவர் சுகப்படுத்திவிட்டார் என்று நான் மெழுகுதிரி கொளுத்தினேன். சாராயம் இல்லாததால்தான் கால் வற்றியது என்று ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும்.

உயிர்த்த ஞாயிறு மத்தியானம். மகள் கோயிலில் பாடற்குழுப் பிள்ளைகளோடு நின்றுவிட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். புதுச் சேட்டோடு கதிரையில் இருந்தார். நான் அலுமாரியைத் திறந்து, போத்தலை எடுத்து, கிளாஸைக் கழுவித் துடைத்து, ஊற்றிக்கொண்டு போய் நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"இந்தமுறை வேண்டாம் போலக் கிடக்கு" என்றார். "நாப்பது நாளும் உடம்பு லேசாக் கிடந்தது. அப்பிடியே விட்டுப் பாப்பம் எண்டு நினைக்கிறன்."

நான் சிரித்தேன். "பெருநாளில முகத்தை நீட்டாதேங்கோ. நான் நாப்பது நாளும் காவல் இருந்து பூட்டி வைச்சது சும்மாவோ?"

"மெய்யாத்தான் சொல்லுறன். வேண்டாம்."

அவருடைய கையை எடுத்து, கிளாஸை அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டேன். "ஒண்டே ஒண்டு" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். பிறகு குடித்தார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல காரணங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வழக்கம், மரியாதை, தெருச்சனம் என்ன சொல்லும் என்கிற பயம். எல்லாம் பொய். வருசம் முழுவதும் கடலுக்கும் கரைக்கும் உரிய மனுசன், அந்த முதல் கிளாஸுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் எனக்கு உரியவராக இருப்பார். கலியாணம் பேசிய காலத்துப் பெயர் ஒன்று சொல்லிக் கூப்பிடுவார். என் சமையலைப் புகழ்வார். அடுப்படிக் கதவில் சாய்ந்துகொண்டு கதை கதையாகச் சொல்லுவார். மற்ற நாட்களில் வாய் திறக்காதவர். அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு வேண்டியிருந்தது. நாற்பது நாள் நானும் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

அது கிடைத்தது. அன்றைக்கும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

ஒன்றே ஒன்று அந்தப் பின்னேரமே நாலாகியது. மாரி தொடங்குவதற்குள் கண் மஞ்சளாகிவிட்டது. செங்கமாரி என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தேன். மீன், முட்டை எல்லாம் மறித்து வெறுங்கஞ்சி வார்த்தேன். கை கால் ஈர்க்காகி, வயிறு மட்டும் ஊதி நின்றது. சாரம் இடுப்பில் நிற்காமல் வழுக்கியது. ஒரு காலையில் முற்றத்தில் பல் தீட்டிக்கொண்டு நின்றவர் குனிந்து, வாளி நிறைய இரத்தமாகச் சத்தி எடுத்தார்.

மன்னார் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். இரத்தம் ஏற்றி, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். வாயால் குழாய் விட்டு, உள்ளே வெடித்த நாளங்களுக்கு இறப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். மூன்றாம் நாள் அவர் கண் திறந்து பேசத் தொடங்கியதும், வார்ட்டில் ஒரு பெண் டொக்டர் எங்களை இருத்தி விளக்கினா. எங்கள் மகள் வயசுதான் இருக்கும்.

"கயிறு இழுக்கிற கை காய்ச்சுப் போற மாதிரி, ஐயாட ஈரல் காய்ச்சுச் சுருங்கிப் போச்சு, அம்மா. ரத்தம் அதுக்குள்ளால ஓட இடமில்லை. அதுதான் வேற வழியால போய், தொண்டைக் குழாயில நாளம் வீங்கி வெடிச்சது. வயித்தில தண்ணி நிக்கிறதும் அதாலதான்."

பிறகு கேட்டா: "எவ்வளவு காலமாக் குடிக்கிறவர்? இடையில நிப்பாட்டினவரோ?"

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "ஓம் டொக்டர். ஒவ்வொரு தவக்காலமும் நிப்பாட்டுவார். நினைச்சால் நிப்பாட்டுவார். இந்த வருசமும் பாஸ்குவுக்கு முதல் கால் வீக்கமெல்லாம் வத்தி நல்லா இருந்தவர்."

டொக்டர் எழுதுவதை நிறுத்தினா. "அப்பிடியே விட்டிருந்தால் ஈரல் கொஞ்சம் தேறியிருக்குமே. நல்லா வந்த மனுசன் பிறகு என்னத்துக்குத் திரும்பத் தொடங்கினவர்?"

கோபமாகக் கேட்கவில்லை. கவலையோடுதான் கேட்டா. மகள் கட்டில் காலடியில் மருந்துத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் கேட்டு வாங்கிக் குடிச்சனான், பிள்ளை" என்றார் அவர், கட்டிலில் கிடந்தபடி. குரல் உடைந்து கிடந்தது. "இவள் தரமாட்டன் எண்டு நிண்டவள். நான்தான் சாவியைப் பறிச்செடுத்தனான்."

மகள் அவரைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குத் தெரிகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இல்லை, அப்படியில்லை என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

பின்னேரம் மகள் தேத்தண்ணி வாங்கப் போனபோது கேட்டேன். "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நான் போற ஆள்" என்றார். "நீயெல்லோ அவளோட இருக்கப்போறனி."

வீட்டுக்கு வந்தோம். உப்பு அறவே கூடாது என்றார்கள். நாலு பக்கமும் கடல், காய்கிற உடுப்பில்கூட உப்பு ஒட்டுகிற இடத்தில், உப்பில்லாத சமையல் செய்யப் பழகினேன். கருவாடு போனது. தேசிக்காயும் மிளகும் போட்டுச் சொதி வைத்தேன். முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்து, "கடற்கரையில காத்து வாங்கப் போகலாமோ, இல்லை அதுக்கும் பத்தியமோ?" என்று கேட்டார். கஞ்சிப் பத்தியத்துக்கு டொக்டரிடம் நல்ல ஏச்சு வாங்கினேன். மீனும் முட்டையும் பருப்பும்தான் இந்த வருத்தத்துக்குத் தேவையாம், பட்டினி போட்டால் சதை கரைந்து இன்னும் விழுவாராம். சலம், அதுதான் சிறுநீர், போகிற குளிசை இரண்டு விதம் தந்தார்கள். நாளுக்கு இரண்டு மூன்று தரம் வயிற்றால் போக வேண்டும் என்று ஒரு பாணி மருந்தும் தந்தார்கள். வயிறு கல்லாகி மூச்சு முட்டும்போது ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றித் தண்ணீர் எடுப்பார்கள். எடுத்த அன்று சேட் தொளதொளவென்று தொங்கும், இரண்டு கிழமையில் பொத்தான் பூட்டாது. நான் பொத்தானைத் தள்ளித் தள்ளித் தைத்துக்கொண்டிருந்தேன்.

குடியை அவர் விட்டுவிட்டார். யாரும் பூட்டவில்லை, அலுமாரிச் சாவி கதவிலேயே தொங்கியது. அவர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

மகள் எல்லாம் செய்தாள். குளிசைகளை நேரத்துக்கு எடுத்து வைத்தாள், கிளினிக் நாட்களில் வேலைக்கு லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனாள். ஆனால் தகப்பனோடு முகம் பார்த்துப் பேசுவது நின்றுபோனது. ஈரல் மாற்றுகிற சிகிச்சை ஒன்று இருப்பதாக அறிந்து, தன்னுடையதில் பாதி எடுக்கலாமோ என்று டொக்டரிடம் கேட்டவளும் அவள்தான். அதையும் ஏதோ குற்றப்பணம் கட்டுகிற குரலில் கேட்டாள். அவருடைய உடம்பு அதைத் தாங்குகிற நிலையில் இல்லை என்றார்கள். அவரும், "பிள்ளையின்ர வயித்தைக் கீறி நான் இருக்கவோ?" என்றார். அதற்கு அவள், "கேட்டு வாங்கிக் குடிக்கேக்க பிள்ளையை நினைச்சிருக்க வேணும்" என்றாள். அடுப்படியில் நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேன். பிறகு திரும்ப எடுத்து வெட்டினேன்.

மறு வருசம் விபூதிப் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு கதிரையில் இருந்துகொண்டு, "இந்தமுறை எதை ஒறுக்கிறது?" என்றார். "சாராயமும் இல்லை, உப்பும் இல்லை. நடையும் இல்லை. ஆண்டவருக்குக் குடுக்க ஒண்டும் மிச்சமில்லையே." எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தப் பாஸ்குவுக்கும் சேட் தைத்தேன். மேசையில் கிளாஸ் இல்லை. சோறு சாப்பிட்டுவிட்டு, நான் கேட்காமலே அந்தப் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சாராயம் இல்லாமலே அவரால் அதைச் சொல்ல முடிந்திருக்கிறது. இத்தனை வருசமும் முடிந்திருக்கும். நான்தான் கேட்கத் தெரியாமல் இருந்துவிட்டேன்.

பிறகு குழம்பத் தொடங்கினார். பகலில் நித்திரை, இரவில் விழிப்பு. டொக்டர் பஸ்ஸை மறிக்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டச் சொன்னா. கைகள் நிற்காமல் மேலும் கீழும் ஆடின. வீட்டில் ஒரு முழக் கயிற்றை எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு போடுகிற முடிச்சைப் போடத் தெரியாமல் அரைநாள் இருந்தார். ஈரல் வடிகட்டாத நஞ்சு மூளைக்குப் போகிறது என்றார்கள். பாணி மருந்தைக் கூட்டினார்கள், தெளிந்தார். திரும்பவும் குழம்பினார். ஆவணி மாதம் ஆஸ்பத்திரியில் தண்ணீர் எடுக்கப் போனபோது காய்ச்சல் பிடித்துவிட்டது. வயிற்றுத் தண்ணீரில் கிருமி. சலம் குறைந்து குறைந்து நின்றது.

கடைசி இரண்டு நாளும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்விதான்.

"இன்னும் எத்தினை நாள் கிடக்கு?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. தவக்கால நாட்களைத்தான் கேட்கிறார் என்று பிறகு விளங்கியது. "கனக்க நாள் கிடக்கு" என்றேன்.

"அப்ப சாவியைக் கவனமா வைச்சிரு" என்றார். "குடுக்காத."

செத்தவீட்டில் சனம் சொல்லிக்கொண்டது, கட்டுப்பாடான மனுசன், தவக்காலத்தில் ஒரு துளி தொடமாட்டார் என்று. மகள் அழவில்லை. சேமக்காலையில் குழி மூடும்போதும் அழவில்லை. ஆண்டுப் பூசைக்கும் தொட்டும் தொடாமலும் பூ வைத்துவிட்டு, "அம்மாட சொல்லைக் கேட்டிருந்தால் இருந்திருப்பார்" என்றாள். நான் பூவைச் சரிப்படுத்துகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமிக்குச் சொன்னேன். அறியாமல் செய்தது பாவம் இல்லை என்றார். மகளிடம் சொன்னனீங்களோ என்றும் கேட்டார். நான் எழும்பி வந்துவிட்டேன்.

போன வருசம் மகளுக்குக் கலியாணம் நடந்தது. மருமகனும் கடற்தொழில்தான். நல்ல பிள்ளை, வாய் அதிர்ந்து பேசமாட்டார். தொழிலால் வந்தால் கொஞ்சம் சாராயம் எடுப்பார். அவர்கள் வீடு எங்கள் தெருமுனையில்தான். இந்த வருச விபூதிப் புதன் பின்னேரம் மகள் சிரித்துக்கொண்டு வந்து, இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினாள்.

"அவர் தானாகவே கொண்டுவந்து தந்தவர், அம்மா. அப்பா மாதிரியெண்டு நினையாதேங்கோ. இவர் நினைச்சால் நிப்பாட்டுவார்."

அன்றைக்கும் சொல்லவில்லை. நாற்பது நாளும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் தையல் மிசினில் இருந்துகொண்டு நாளைக்குச் சொல்லுவேன் என்று நினைப்பேன். அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். தகப்பனை அப்படிப் பார்த்ததை ஒரு வருசம் பக்கத்தில் நின்று கண்டவள் நான். அந்தப் பார்வை என் மேல் விழக்கூடாது என்றுதானே அவர் அதை வாங்கிக்கொண்டு போனார். அவர் எனக்குத் தந்துவிட்டுப் போன ஒரே சொத்து அந்தப் பொய்.

உயிர்த்த ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு அங்கே போனேன். மருமகன் கைகால் கழுவக் கிணற்றடிக்குப் போயிருந்தார். ஆட்டுக்கறி மணம் வந்தது. மகள் அலுமாரியைத் திறந்து, போத்தலை எடுத்து மேசையில் வைத்து, ஒரு கிளாஸைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கிற விதம் என்னுடையது. முகத்தில் இருந்த சந்தோசமும் என்னுடையதுதான். போத்தல் மூடியைத் திருகப் போனாள். நான் அவளுடைய கையைப் பிடித்தேன்.

"பிள்ளை, அப்பா கேட்டு வாங்கிக் குடிக்கேல்லை. சாவியைப் பறிக்கவும் இல்லை. நான்தான் ஊத்திக் கையில குடுத்தனான்."

அவள் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. கிணற்றடியில் வாளி இறங்குகிற சத்தம் கேட்டது. என்னைப் பார்த்தாள். நான் எதிர்பார்த்த பார்வைதான். நான் கண்ணை எடுக்கவில்லை.

"அப்பா வேண்டாமெண்டு சொன்னவரோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். "இரண்டு தரம் சொன்னவர்."